படிக்கிற நோயெல்லாம் நமக்கே இருப்பதுபோல் தோன்றினால்: எது இயல்பு, எது மனநோய்?

இளநிலை உளவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிறழ்நிலை உளவியல் தாள் இந்தப் பருவத்தில்தான் தொடங்கியது. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் தெரிந்தவர் யாராவது வந்து நிற்கிறார்கள். அம்மா படுக்கப் போகுமுன் கேஸை மூடியாச்சா என்று இரண்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பார். அது எண்ணச் சுழற்சி நோயா? தேர்வுக்கு முந்தின நாள் எனக்கு நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. அது பதற்றக் கோளாறா? பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஏழெட்டு மாதமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு மனச்சோர்வா? எதை இயல்பு என்பது, எதை நோய் என்பது?"

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பல வருடம் உளவியலாளராக இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

படிக்கும் நோயெல்லாம் தனக்கே இருப்பதாகத் தோன்றுவது மருத்துவ மாணவர்களுக்கும் வழக்கமாக வருவதுதான். இருதய நோய்ப் பாடம் நடக்கும் மாதத்தில் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்க்காத மாணவர் குறைவு. உளவியலில் இது இன்னும் அதிகம். மனநோய்களின் அறிகுறிகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை எல்லோர் வாழ்க்கையிலும் இருப்பவை. சோகம், பயம், சந்தேகம், தூக்கமின்மை, ஒன்றையே திரும்பத் திரும்ப நினைப்பது, இதெல்லாம் இல்லாத மனிதர் யார்? ஆகவே ஓர் அறிகுறி இருக்கிறது என்பதை வைத்து நோய் இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. எவ்வளவு நாளாக இருக்கிறது, எவ்வளவு கடுமையாக இருக்கிறது, அந்த மனிதரின் வாழ்க்கையிலிருந்து அது எதையெல்லாம் பறித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன மூன்று பேரில் முதல் இருவரை நினைத்து எனக்குக் கவலை இல்லை. மூன்றாவதாகச் சொன்ன அண்ணன் விஷயத்தில் கவலை இருக்கிறது.

பாடப்புத்தகம் நான்கு அளவுகோல் தரும்: ஊர் வழக்கத்திலிருந்து விலகியிருத்தல், துயரம், அன்றாடச் செயல்பாடு குலைதல், தனக்கோ பிறர்க்கோ ஆபத்து. தேர்வில் நான்கையும் எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் நோயாளி எதிரில் உட்காரும்போது இந்த நான்குக்கும் ஒரே எடை கிடையாது. முதலாவதை எப்போதும் சந்தேகத்தோடு கையாள வேண்டும்.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் பம்பையும் உடுக்கையும் முழங்கும்போது ஒரு பெண்ணுக்கு அருள் வந்து ஆடுகிறார். குரல் மாறுகிறது, "நான் ஆத்தா வந்திருக்கேன்" என்கிறார், குறி சொல்கிறார். திருநீறு பூசியதும் இறங்கிவிடுகிறது. மறுநாள் காலை வழக்கம்போல் களை எடுக்கப் போகிறார். இது நோயல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி என்ற நோய் வகைப்பாடும், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டு நிகழ்வின் பகுதியாக வரும் இத்தகைய நிலையை நோயாகக் கணக்கெடுக்கக் கூடாது என்கிறது. அதே பெண்ணுக்குக் கோயிலும் இல்லாமல் கொட்டும் இல்லாமல், விரும்பாத வேளையிலெல்லாம் அப்படி வருகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, குழந்தைக்குச் சோறூட்ட முடியவில்லை, அவரே "எனக்கு இது வேண்டாம்" என்று அழுகிறார் என்றால் அப்போது பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும். எங்கே, எப்போது வருகிறது, அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

விலகலை மட்டும் வைத்து நோய் என்று முத்திரை குத்தியதால் பெரிய அநியாயங்கள் நடந்திருக்கின்றன. தன்பாலீர்ப்பு 1973 வரை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் பட்டியலில் நோயாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் பட்டியலிலிருந்து நீக்க 1990 ஆயிற்று. அதுவரை எத்தனை பேர் "சிகிச்சை" என்ற பெயரில் வதைக்கப்பட்டிருப்பார்கள்! நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, சமய நம்பிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று தீர்மானிக்க முடியாது. சாதி மாறிக் காதலித்த பெண்ணை "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று அழைத்து வரும் குடும்பங்களுக்கு இந்தப் பிரிவைப் படித்துக் காட்டலாம்.

எனக்கு நம்பிக்கையான அளவுகோல் செயல்பாடு. நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்பது ஒரு சாதாரணக் கேள்வி: "போன வருஷம் இதே மாசம் நீங்க என்னென்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க? அதுல இப்ப எதெல்லாம் நின்னு போச்சு?" தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு என்று எத்தனையோ சொல்பவர்கள் இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். கோலம் போடுவது நின்றுவிட்டது. சீட்டுப் பணம் கட்டப் போவதில்லை. பேரனைத் தூக்குவதில்லை. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும்.

இனி அம்மாவின் கேஸ் சிலிண்டர். இரண்டு தடவை பார்க்கிறார், மூடியிருக்கிறது, படுக்கிறார், தூங்கிவிடுகிறார். இது கவனமான ஒரு மனுஷியின் பழக்கம். எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) என்றால் வேறு மாதிரி இருக்கும். எழுபதாவது தடவை பார்த்த பிறகும் "மூடியிருக்கு" என்று கண் சொல்வதை மனம் ஏற்காது. அடையாளம் மாற்றி ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மாள். கடைக்குப் போய் வந்தால் தலைக்குக் குளித்தாக வேண்டும். வாங்கிவந்த எண்ணெய்ப் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவும்போது எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. மாடித் தொட்டி மதியத்துக்குள் காலி. கணவர் வேலையிலிருந்து வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பக்கெட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பள்ளிக்கூடப் பையை மகள் திண்ணையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். "எங்கேயும் தொடலைம்மா, சத்தியமா" என்று அந்தப் பெண் தினமும் சத்தியம் செய்ய வேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்ததற்காக அந்த அம்மாள் வந்தது தோல் மருத்துவரிடம். அவர்தான் எங்களிடம் அனுப்பினார்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்தச் சடங்குகள் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றுவிடுகின்றனவா என்பது நோய்க்கான வழிகாட்டு அளவு. அந்த அம்மாளுக்கு அது பகல் முழுக்க. இன்னொன்று, குடும்பமே நோயின் வேலையைப் பங்குபோட்டுச் செய்துகொண்டிருந்தது. பாசத்தால்தான் செய்கிறார்கள். ஆனால் மகள் செய்யும் ஒவ்வொரு சத்தியமும் அந்தச் சந்தேகத்துக்கு இன்னொரு நாள் ஆயுள் தருகிறது. அதனால் சிகிச்சையில் குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

இந்த நோயில் வெளியே தெரியாத வகை ஒன்றும் உண்டு. அதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை என்பதால் விரிவாகச் சொல்கிறேன். பிரசவமாகி இரண்டு மாதமான ஒரு தாய். அரிவாள்மனையைப் பார்த்தாலே "குழந்தையை ஏதாவது பண்ணிடுவேனோ" என்ற எண்ணம் மின்னல் மாதிரி வருகிறது. அலறிப்போய் அரிவாள்மனையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுகிறார். பிறகு கத்தி, பிறகு கத்தரிக்கோல். பிறகு குழந்தையைக் குளிப்பாட்டுவதே இல்லை, மாமியார்தான் குளிப்பாட்டுகிறார். தான் ஒரு ராட்சசி, யாரிடமாவது சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்து வாயே திறப்பதில்லை. உண்மையில் அந்த எண்ணம் அவருக்கு இவ்வளவு அருவருப்பாக இருப்பதே அவர் அதைச் செய்ய விரும்பாதவர் என்பதற்கு அடையாளம்.

இந்த இடத்தில் ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். 1978இல் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையிலிருந்து லண்டன் போய்ப் பணியாற்றிய பத்மல் டி சில்வாவும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த நோயும் இல்லாதவர்களிடம், உங்களுக்கு வேண்டாத, அசிங்கமான, பயங்கரமான எண்ணங்கள் தானாக வருவதுண்டா என்று கேட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் வருவதுண்டு என்றார்கள். மொட்டைமாடி விளிம்பில் நிற்கும்போது குதித்தால் என்ன என்று தோன்றுவது, சாமி சன்னதியில் கெட்ட வார்த்தை மனதில் ஓடுவது, இந்த மாதிரி. எண்ணத்தின் உள்ளடக்கத்தை மட்டும் பார்த்தால் நோயாளியுடையதையும் மற்றவருடையதையும் பிரிப்பது கடினமாக இருந்தது. மற்றவர்கள் "ச்சே, என்ன இது" என்று விட்டுவிடுகிறார்கள். நோயுள்ளவர் "இப்படித் தோன்றுகிறதென்றால் நான் எப்படிப்பட்டவள்?" என்று அந்த எண்ணத்தோடு போராடத் தொடங்குகிறார். போராடப் போராட அது அடிக்கடி வருகிறது, கடுமையாகிறது.

சிகிச்சையும் இந்தப் புரிதலோடுதான் நடக்கிறது. பயப்படும் பொருளை, சூழ்நிலையை, எண்ணத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைத்து, வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் இதை முதலில் எழுதிக்காட்டினார். இன்றும் இதுதான் முதல் வரிசை உளவியல் சிகிச்சை. கூடவே மூளையிலுள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சார்ந்து இயங்கும் மாத்திரைகள், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் அதிக அளவில். அந்தத் தாய் முதலில் மூடிய உறையிலிருக்கும் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சில வாரங்களில், குழந்தை பக்கத்தில் பாயில் கிடக்க, வெண்டைக்காய் நறுக்கினார்.

ஓர் எச்சரிக்கை. பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் தாய்க்குத் தூக்கம் முற்றிலும் போய், பேச்சு குழம்பி, "இது என் குழந்தை இல்லை", "குழந்தைக்குள்ள வேற ஏதோ இருக்கு" என்று நம்பத் தொடங்கினால், காதில் குரல் கேட்டால், அது மேலே சொன்ன வகை அல்ல. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் மகப்பேற்று மனநோய் அது. அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டிய அவசரம். இங்கே தாய் தன் எண்ணத்தைக் கண்டு அலறுவதில்லை, அதை நம்புகிறார். எண்ணத்தைக் கண்டு பயப்படுகிறாரா, எண்ணத்தை நம்புகிறாரா என்று பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் இந்தத் தாளில் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்கள் தேர்வுப் படபடப்புக்கு ஒரு பத்தி போதும். தேர்வு முடிந்ததும் போய்விடுகிறது, தேர்வையும் எழுதிவிடுகிறீர்கள். அது பதற்றம், கோளாறு அல்ல. பொதுப் பதற்றக் கோளாறு என்று சொல்ல, பல விஷயங்களைப் பற்றிய அடங்காத கவலை ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு. பேனிக் அட்டாக் வேறு. திருடன் இல்லாமலே வீட்டு நாய் விடாமல் குரைப்பது மாதிரி, ஆபத்தே இல்லாத இடத்தில் உடம்பு முழு எச்சரிக்கை கொடுக்கிறது. நெஞ்சு அடைக்கிறது, கை விறைக்கிறது, செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்குகிறது. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல் என்று வந்தும் "கேஸ் பிராப்ளம்" என்று சொல்லி அனுப்பப்பட்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கடைசியில் பஸ்ஸில் தனியாகப் போகவே பயந்து வீட்டோடு முடங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை இருதயத்தைப் பரிசோதிப்பது சரி, கட்டாயமும்கூட. அதற்குப் பிறகும் அதே பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது பயத்துக்குத் தீனி போடுவதுதான்.

மனச்சோர்வு நம் ஊரில் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவது குறைவு. "உடம்பெல்லாம் எரியுது டாக்டர்", "உச்சந்தலையில பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு", "கை காலெல்லாம் ஓஞ்சு போச்சு, ஒரு சத்து ஊசி போடுங்க" என்றுதான் வரும். ஆகையால் கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி-காம்ப்ளெக்ஸ் ஊசியோடு திரும்பிப் போகிறவர்களில் எத்தனையோ பேர் மனச்சோர்வு உள்ளவர்கள். பொறுமையாகக் கேட்டால் மீதி வரும். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, பிறகு தூக்கம் வராமல் படுத்துக் கிடப்பது. சாப்பாட்டில் ருசி இல்லாதது. தொலைக்காட்சித் தொடரில் கதை பின்தொடர முடியாதது. "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு.

டிஎஸ்எம் கையேட்டின் கணக்கு இது: ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்குக் குறையாமல். அந்த ஐந்தில் ஒன்று சோக மனநிலையாகவோ, எதிலும் நாட்டமின்மையாகவோ இருந்தாக வேண்டும். துக்கத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கணவரை இழந்தவர் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் அழுவார், ஆண்டுத் திவசம் வரையிலும் அழுவார். ஆனால் துக்கம் அலையாக வரும், நடுநடுவே பேரப்பிள்ளை செய்யும் சேட்டைக்குச் சிரிப்பும் வரும். இறந்தவரை நினைத்து ஏங்குவார், தன்னைத்தானே உதவாக்கரை என்று வெறுக்க மாட்டார். மனச்சோர்வில் அந்தச் சுயவெறுப்பு பெரும்பாலும் கூடவே இருக்கும். துக்கத்துக்கு நடுவிலேயே மனச்சோர்வும் சேர்ந்து வரலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

இரண்டு நடைமுறை விஷயங்களை எந்த மாணவரும் மறக்கக்கூடாது. ஒன்று, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் தேவையில்லாதது. "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" என்று யாரோ ஒருவர் கேட்டதே பலருக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருக்கும். கேட்ட பிறகு அவரைத் தனியே விடக்கூடாது. விவசாயக் குடும்பமானால் பூச்சிமருந்தை வீட்டைவிட்டு வெளியேற்றச் சொல்ல வேண்டும். அந்த நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லாததால் மட்டுமே பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். வயிற்றுப் பிரட்டலும் தலைச்சுற்றலும் மட்டும் முதல் வாரமே வந்துவிடும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பத்தாம் நாள் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், அதையும் சொல்ல வேண்டும்.

மனச்சோர்வு என்று முடிவு கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருக்கிறது: "இதுக்கு நேர்மாறா, தூக்கமே இல்லாம, களைப்பே தெரியாம, ஊரையே வாங்கிடலாம்ங்கிற மாதிரி ஒரு வாரம் பத்து நாள் இருந்ததுண்டா?" உண்டு என்றால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அங்கே மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலரை அந்த நேர்மாறான பித்து நிலைக்குத் தள்ளிவிடும். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் கண்டறிந்த லித்தியத்தின் பயன் இன்றும் இந்த நோயில் குறையவில்லை. ரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒற்றை வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து நான் பெயர் சூட்ட மாட்டேன், நீங்களும் சூட்டக்கூடாது. கல்லூரியில் ராகிங் நடந்திருக்கலாம், அரியர் சேர்ந்திருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம், கஞ்சாப் பழக்கமாக இருக்கலாம். ஆனால் இருபதை ஒட்டிய வயது, நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன், மெல்லமெல்ல நண்பர்களை விட்டு, குளிப்பதை விட்டு, கதவைச் சாத்திக்கொண்டான் என்றால் மனச்சிதைவு நோயின் தொடக்கமா என்று மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

அந்த நோய் பெரும்பாலானவர்கள் நினைப்பதுபோல் ஒரே நாளில் வெடிப்பதில்லை. ஆண்களுக்கு இருபதை ஒட்டியும் பெண்களுக்குச் சில வருடம் தள்ளியும் தொடங்கும். நூறு பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக வாழ்நாளில் வரக்கூடியது. முதலில் மந்தம்: படிப்பில் சரிவு, முகத்தில் உணர்ச்சி வற்றுவது, கேட்டால் ஒற்றை வார்த்தைப் பதில். வீட்டில் "திமிரு", "சோம்பேறி", "போன்தான் காரணம்" என்று பேசிக்கொள்வார்கள். பிறகு மெதுவாகச் சந்தேகம். ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டுவான். சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பான், அம்மா முதலில் சாப்பிட்டால்தான் தானும் சாப்பிடுவான். தெருவில் இருவர் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்பான். தனியாகப் பேசுவான், நடுவில் நிறுத்துவான், யாருக்கோ பதில் சொல்வதுபோல் தலையாட்டுவான். அவனுக்குக் கேட்கும் குரல் கற்பனை அல்ல. நாம் பேசுவது எப்படி நிஜமாகக் கேட்கிறதோ அப்படித்தான் கேட்கிறது. "அதெல்லாம் ஒண்ணுமில்லை, உன் பிரமை" என்று வாதாடினால் அவன் நம்மையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்வான். "எனக்குக் கேட்கலை. ஆனா உனக்குக் கேக்குதுன்னா அது எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது" என்று சொல்லலாம். இது பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை.

இந்தக் கட்டத்தில் நம் குடும்பங்கள் போகும் பாதை எனக்கு மனப்பாடம். செய்வினை என்று ஒருவர் சொல்வார், தாயத்து கட்டுவார்கள். பிறகு ஒரு கோயில், ஒரு தர்கா, ஒரு ஜெபக்கூட்டம். பிறகு "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்று பெண் பார்ப்பார்கள். கும்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கும்பிட்டுக்கொண்டே மருத்துவரையும் பார்க்கலாம். ஆனால் நோயை மறைத்துச் செய்யும் கல்யாணம் இரண்டு பேர் வாழ்க்கையைக் குலைக்கிறது. அதைச் செய்யாதீர்கள் என்று பெரியம்மாவிடம் யாராவது தைரியமாகச் சொல்ல வேண்டும்.

சிகிச்சைக்குப் பதிலாக அடைத்துவைப்பதில் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்தில் ஒரு நாள் சாட்சியாக இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை ஒட்டி நடத்தப்பட்ட தனியார் காப்பகம் ஒன்றில் விடியுமுன் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடுமைக்காரர்கள் அல்ல. வேறு வழி தெரியாத அப்பா அம்மாக்கள், அண்ணன் தம்பிகள். அதுதான் என்னை இன்றும் வதைக்கிறது. இப்போது சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவது எந்த வகையிலும் தடை.

வேறு வழி அப்போதே இருந்தது. 1952இல் பாரிசில் குளோர்புரோமசைன் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்தே குரல்களை அடக்கும் மருந்து உலகத்துக்குக் கிடைத்துவிட்டது. அதற்கும் முன்பே, 1931இல், கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்க மருத்துவர்கள் சர்ப்பகந்தி வேரைக் கொடுத்து வெறி தணிவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையைப் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்திய டாக்டர் எம். சாரதா மேனன் 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் அவர். "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கும் நாம் அந்தப் பெயரோடு இவரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக நோய்வாய்ப்பட்ட 90 பேரை டாக்டர் ஆர். தாராவும் சக ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பத்தாண்டு முடிவில் அவர்களில் பெரும்பான்மையோருக்குக் கடுமையான அறிகுறிகள் அடங்கியிருந்தன. "வந்தால் போகாது, வாழ்க்கையே முடிந்தது" என்பது தவறு. ஆனால் சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மீள்வதைக் கடினமாக்குகிறது. ஏழெட்டு மாதம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கவலை வந்தது இதனால்தான்.

வளர்ப்பு சரியில்லாததால் வந்ததா என்று பெரியம்மா கேட்பார். இல்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்ற அளவுக்கு உயர்கிறது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு இருந்தாலும் மற்றவருக்கு வராமலே போவது சரிபாதிக்கு மேல். ஆகவே பரம்பரை மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. இளவயதில் கஞ்சா, கடுமையான வாழ்க்கை நெருக்கடி போன்றவையும் சேர்கின்றன. ஆபத்தானவனா என்றும் கேட்பார்கள். இந்நோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதும் ஏமாற்றப்படுவதும்தான் அதிகம்.

எந்த மனநோய்ப் பெயரையும் வைக்குமுன் உடம்பைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகத்தில் இது ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு போலவே இருக்கும். பி12 குறைபாடு, தலைக்காயம், சில காசநோய் மாத்திரைகள், ஸ்டீராய்டு, குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும் குழப்பம் ஆகிய ஒவ்வொன்றும் மனநோய் வேடத்தில் வரலாம். எழுபது வயதுக்காரர் நேற்றுவரை நன்றாக இருந்துவிட்டு இன்று திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால் முதலில் பார்க்க வேண்டியது சிறுநீர்த் தொற்று, சோடியம், சர்க்கரை.

அண்ணனுக்காக இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீங்கள் அவனிடம் போய் உளவியல் பாடம் எடுக்க வேண்டாம். பத்து நிமிடம் அவன் அறையில் உட்காருங்கள், கேள்வி அதிகம் வேண்டாம். அவனுக்குத் தொந்தரவாக இருப்பது எதுவோ, தூக்கமோ தலைவலியோ, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "தூக்கம் வர்றதுக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாம், நானும் வர்றேன்" என்றால் வருவதற்கு வாய்ப்பு அதிகம். "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, வா" என்றால் கதவு இன்னும் இறுகும். சோற்றிலோ காபியிலோ தெரியாமல் மாத்திரை கலக்க யாராவது யோசனை சொன்னால் தடுத்துவிடுங்கள். சாப்பாட்டையே சந்தேகிக்கும் ஒருவனுக்கு அது தெரியவந்தால் நம்பிக்கை அடியோடு போய்விடும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு போட்டுப் பார்க்கலாம், மாத்திரை இலவசம். அவன் வரவே மறுத்தால் பெரியம்மா மட்டும் முதலில் போய் மருத்துவரிடம் பேசலாம். போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மாதம் என்ன மாறியது, தூக்கம், சாப்பாடு, குளியல், தனியாகப் பேசுவது உண்டா, போதைப்பொருள் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, சாவைப் பற்றிப் பேசினானா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் ஓபி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்கே போங்கள். என்ன செய்வதென்று நள்ளிரவில் தெரியாமல் தவித்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவை) எண்ணைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.